திருப்பூரிலிருந்து ஸ்கைடைவிங்: தோள், காசு, காற்று

கேள்வி:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன். வயசு 31, எடை 82 கிலோ, கண்ணாடி போடுவேன். போன வருஷம் வேலையா துபாய் போனப்ப டேண்டம் ஜம்ப் (பயிற்றுநரோட சேர்த்துக் கட்டிக் குதிக்கறது) ஒண்ணு பண்ணினேன். அப்பயிருந்து வேற நெனப்பே இல்லீங்க. தனியா குதிக்கற லைசென்ஸ் எடுத்து இதையே பொழுதுபோக்கா வெச்சுக்கோணும்னு ஆசை. நாலரை லட்சம் சேர்த்து வெச்சிருக்கேன். கபடி ஆடுனப்ப வலது தோள் ரெண்டு தடவை கழண்டிருக்கு, மூணு வருஷமா ஒண்ணும் பிரச்சனையில்லை. ஒரு நண்பர் மூலமா பழைய பாராசூட் செட் ஒண்ணு ஒன்றரை லட்சத்துக்கு வருது: மெயின் 170 சைஸ், உள்ள 2009-ல செஞ்ச சைப்ரஸ் 2-ங்கற பாதுகாப்புக் கருவி இருக்குதாம். வாங்கிப் போடலாமா? தாராபுரம் பக்கம் எங்க மாமாவுக்கு ஆறு ஏக்கர் காடு இருக்கு. லைசென்ஸ் வந்தப்பறம் அங்கயே இறங்க வழி உண்டா? அம்மாவுக்கு இதுல இஷ்டமில்லை. "பொண்ணு பாத்துட்டு இருக்கறப்ப இதென்ன கூத்து கண்ணு, அது திறக்கலைன்னா என்ன பண்ணுவே?"ன்னு கேக்கறாங்க. அதுக்குப் பதில் சொல்லத் தெரியலீங்க.

பதில்:

முதலில் தோளைப் பார்ப்போம். நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மெயின் பாராசூட்டைத் திறக்கும் பிடி, முதுகுப் பையின் அடியில், வலது இடுப்புக்குப் பின்னால் இருக்கும். அநேகமாக எல்லாச் செட்டிலும் அது வலது பக்கம்தான். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டே வலது கையைப் பின்னால் கொண்டுபோய், பைலட் சூட் என்ற சிறு குடையை இழுத்துப் பக்கவாட்டில் வீச வேண்டும். அதற்கு முன் முக்கால் நிமிஷம் இரண்டு கையும் தோள் மட்டத்தில் விரிந்து, முழங்கை மடங்கி, கீழிருந்து வரும் காற்று அவற்றை மேலே தள்ளியபடி இருக்கும். ஒருமுறை முன்பக்கமாகக் கழன்ற தோள் மறுபடி கழல்வதற்கு இதைவிடத் தோதான நிலை கிடையாது. எலும்பு மருத்துவர் உங்கள் கையைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பி "பயமா இருக்கா?" என்று கேட்டுச் சோதிப்பாரே, கிட்டத்தட்ட அதே நிலைதான். வானத்தில் வலது தோள் கழன்றால் மெயினைத் திறக்கக் கை எட்டாது. ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட் திறந்து தப்பித்தாலும், இறங்கும்போது இரண்டு கையையும் ஒரே அளவு கீழே இழுத்தால்தான் வேகம் குறையும். ஒற்றைக் கையால் இழுத்தால் பாராசூட் சுழன்றுகொண்டே தரைக்கு வரும்.

டேண்டத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைக்காதீர்கள். அங்கே திறந்தது, ஓட்டியது, இறக்கியது எல்லாம் பயிற்றுநர். உங்கள் தோளுக்கு அது சோதனையே அல்ல.

கோவையில் விளையாட்டுக் காயம் பார்க்கும் எலும்பு மருத்துவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒருவரிடம் போய், "ஸ்கைடைவிங் பண்ணலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மேலே சொன்ன கை நிலையைச் செய்து காட்டி, "இந்த நிலையில் இவ்வளவு காற்றுவிசை, தோள் தாங்குமா?" என்று கேளுங்கள். இரண்டு தடவை கழன்றது என்றால் எம்ஆர்ஐ எடுத்து மூட்டின் ஓரக் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். அறுவை சிகிச்சை வேண்டும் என்று வந்தால் ஆறு மாதத்துக்குக் குறைந்து எதையும் திட்டமிட வேண்டாம். வேண்டியதில்லை என்றால் தோளைச் சுற்றியுள்ள தசைகளுக்குப் பிசியோதெரபி பயிற்சி சில மாதம். பயிற்சி மையத்தில் நிரப்பும் மருத்துவப் படிவத்தில் இதை மறைக்கவே கூடாது. மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். டேண்டமாக எப்போதாவது ஒன்று, அதுவும் பயிற்றுநரிடம் தோளைப் பற்றிச் சொன்ன பிறகு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை. அதன் மேலேயே மாட்டுகிற காகிள்ஸ் கிடைக்கும். சளி, மூக்கடைப்பு இருக்கும் நாளில் மட்டும் குதிக்காதீர்கள். பதின்மூன்றாயிரம் அடியிலிருந்து சில நிமிஷத்தில் தரைக்கு வரும்போது காது அடைத்துக்கொண்டு செவிப்பறை வலிக்கும்.

இனி, லைசென்ஸ். நீங்கள் சேர வேண்டியது ஏஎஃப்எஃப் என்று அழைக்கப்படும் பயிற்சி. அமெரிக்கப் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ-யின் முறை பல நாடுகளில் நடப்பதால் அதன் கணக்கையே சொல்கிறேன். ஒரு முழு நாள் தரை வகுப்பு. பிறகு ஏழு படி. முதல் மூன்று படியில் இரண்டு பயிற்றுநர்கள் இருபுறமும் பிடித்தபடி உங்களோடு குதிப்பார்கள், அப்புறம் ஒருவர். ஆனால் முதுகில் இருக்கும் பாராசூட் உங்களுடையது. திறப்பதும் ஓட்டுவதும் இறங்குவதும் முதல் குதிப்பிலிருந்தே உங்கள் வேலை. ஏழு படி முடிந்தபின் தனியாகவும் கோச்சோடும் குதித்து, மொத்தம் 25 ஆகும்போது 'ஏ' லைசென்ஸ். அதற்குள் இலக்கின் மையத்திலிருந்து 20 மீட்டருக்குள் ஐந்து தடவை இறங்கியிருக்க வேண்டும், மற்றவர்களோடு சேர்ந்து ஐந்து தடவை குதித்திருக்க வேண்டும், பாராசூட் மடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், எழுத்துத் தேர்வும் உண்டு.

13,000 அடியில் வெளியே வந்தால் முதல் ஆயிரம் அடிக்குப் பத்து விநாடி, அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஐந்தரை விநாடி என்று கணக்கு. 5,500 அடியில் திறக்க வேண்டும். ஆக கையில் இருப்பது சுமார் 45 விநாடி. புதிதாக வருபவர்கள் இதில் தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். பயத்தில் காலை மடக்கி இழுத்துக்கொள்வார்கள், உடம்பு பின்பக்கமாக வழுக்கிப் போகும். கால்களை நீட்டி, இடுப்பை முன்தள்ளினாலே சரியாகிவிடும். அடுத்து, பிடியை எடுக்க வலது கையைப் பின்னால் கொண்டுபோகும்போது இடது கையை அப்படியே விட்டுவிடுவார்கள், உடம்பு ஒரு பக்கம் சாயும். இடது கை அதே நேரம் தலைக்கு முன்னால் வர வேண்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது. பயிற்றுநரின் முகத்தையே பார்த்துக்கொண்டு கையில் கட்டிய, உயரம் காட்டும் அல்டிமீட்டரை மறந்துவிடுவது. மற்றதெல்லாம் சொதப்பினாலும் உயரத்தைப் பார்த்துச் சரியான இடத்தில் திறந்தவர் அந்தப் படியில் பாஸ் ஆகாமல் போகலாம், ஆனால் பத்திரமாக வீட்டுக்குப் போவார்.

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். தரையில் குப்புறப் படுத்து, நெஞ்சையும் தொடையையும் தூக்கி, இடுப்பு மட்டும் தரையில் படும்படி, கைகளை விரித்து, முப்பது விநாடி. மூச்சை அடக்காமல். தோளுக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் இதுவும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. திறக்காமல் போவதுண்டு. அதனால்தான் முதுகில் இரண்டு பாராசூட். மெயினை நீங்களோ மற்றவர்களோ மடிக்கலாம். ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர் மட்டுமே மடித்து முத்திரை வைக்க முடியும். அமெரிக்க விதிப்படி 180 நாளைக்கு ஒருமுறை அதைப் பிரித்துப் பரிசோதித்து மீண்டும் மடிக்க வேண்டும், தேதி எழுதிய அட்டை பையிலேயே இருக்கும். இவ்விரண்டுக்கும் மேல் ஏஏடி என்ற கருவி. நீங்கள் மயங்கியோ திகைத்தோ ஒன்றும் செய்யாமல் விழுந்துகொண்டே இருந்தால், சுமார் 750 அடியில் அதுவே ரிசர்வின் கட்டை அறுத்துத் திறந்துவிடும். 1991-ல் ஜெர்மனியில் சைப்ரஸ் என்ற ஏஏடி வந்த பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது.

மெயினைத் திறந்ததும் மூன்று எண்ணி மேலே பார்க்க வேண்டும். சதுரமாக விரிந்திருக்கிறதா, ஸ்லைடர் என்ற துணித்துண்டு கீழே இறங்கியிருக்கிறதா, இடது, வலது திருப்பினால் கேட்கிறதா, இழுத்தால் வேகம் குறைகிறதா. கயிறு முறுக்கிக்கொண்டிருந்தால் ரைசர் பட்டைகளைப் பிரித்துப் பிடித்துக் காலை உதைத்துச் சுழற்றினால் அவிழ்ந்துவிடும். ஸ்லைடர் பாதியில் நின்றாலோ ஓரத்து அறைகள் காற்று நிரம்பாமல் இருந்தாலோ டாகிள் என்ற ஓட்டும் கைப்பிடி இரண்டையும் இழுத்து விட்டால் போதும். இவை தொல்லைதான், பெரிய விபத்தில்லை. ஆனால் பை திறக்காமல் தொங்கினாலோ, கயிறு பாராசூட்டின் மேலே விழுந்து வெட்டினாலோ, துணி கிழிந்திருந்தாலோ மல்லுக்கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 2,500 அடிதான் மாணவருக்கு முடிவெடுக்கும் எல்லை. அதற்குள் "ஓட்ட முடியும், இறக்க முடியும்" என்று சொல்ல முடியாத பாராசூட்டைக் கழற்றி விட வேண்டும்.

கழற்றும் வரிசை இது. உடம்பை வளைத்து, வலது நெஞ்சுப் பக்கமிருக்கும் சிவப்புப் பிடியைப் பார்த்துப் பிடித்து, இடப்பக்கமிருக்கும் ரிசர்வ் பிடியையும் கண்ணால் பார்த்து, சிவப்பைக் கை நீளும் மட்டும் இழுத்து, உடனே ரிசர்வை இழுப்பது. சில பள்ளிகளில் ஒரு பிடிக்கு ஒரு கை என்று கற்றுத் தருவார்கள், சில பள்ளிகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை. எது நல்லது என்ற வாதத்தில் இறங்காதீர்கள். உங்கள் பள்ளி சொல்வதை மட்டும் பழகுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். ஆயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் கழற்றும் பேச்சே கிடையாது.

ஒரு எண்ணும் சொல்கிறேன். அமெரிக்காவில் 2023-ல் ஏறத்தாழ 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்பில் இறந்தவர்கள் 10 பேர். ஒன்றுமே ஆகாது என்று அம்மாவிடம் அடித்துச் சொல்லாதீர்கள். இந்த எண்ணைச் சொல்லுங்கள். கூடவே அவர் கேட்காத இன்னொன்றையும் சொல்லுங்கள்: இந்த விளையாட்டில் அடிபடுபவர்களில் பெரும்பங்கினர் பாராசூட் நன்றாகத் திறந்த பிறகு, இறங்கும்போது அடிபடுகிறார்கள்.

அதனால் பயிற்சியில் நீங்கள் அதிகம் கவனம் வைக்க வேண்டியது கடைசி ஆயிரம் அடி. காற்றின் திசையோடு போய் 1,000 அடியில் இறங்குதளத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்து, 600 அடியில் ஒரு திருப்பம், 300 அடியில் காற்றுக்கு எதிராகக் கடைசித் திருப்பம். அதற்குப் பிறகு நேராக வர வேண்டும். புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? திட்டம் தப்பி, ஐம்பது நூறு அடியில் காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்ததும் ஒரு டாகிளை வெடுக்கென்று இழுத்துத் திருப்புகிறார்கள். திரும்பும் பாராசூட் மூக்கைக் கவிழ்த்துப் பாயும். அது மறுபடி நிமிர உயரம் வேண்டும், அந்த உயரம் அங்கே இல்லை. காற்றோடு வேகமாக இறங்கினால் அதிகபட்சம் உருண்டு சட்டை கிழியலாம், ஒரு சுளுக்கு வரலாம். தாழ்வான திருப்பத்தில் தொடை எலும்பும் இடுப்பும் போகும். காற்றுக்கு எதிராகத்தான் இறங்கியாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். மேலே பாராசூட் சமமாக இருக்க வேண்டும், எதிரே தடை இருக்கக் கூடாது, காற்றின் திசை அதற்கப்புறம்தான்.

பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் இரண்டு டாகிளையும் சீராக முழுக்க இழுப்பது ஃப்ளேர். உயரம் தவறிச் சீக்கிரம் இழுத்துவிட்டால் பதறி மேலே விடக் கூடாது. விட்டால் பாராசூட் மறுபடி பாயும். இழுத்த இடத்திலேயே பிடித்து, இரு காலையும் சேர்த்து ஒட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, எதிர்த் தோள்புறம் என்று உருண்டு விழுங்கள். கபடி ஆடியவர் நீங்கள், விழத் தெரியும். ஆனால் கபடியில் விழும்போது கையை ஊன்றுவீர்கள். இங்கே கையை ஊன்றினால் மணிக்கட்டு உடையும். மணல் மேட்டில் இரண்டடி உயரத்திலிருந்து குதித்து இந்த உருளலைப் பழகிக்கொள்ளலாம்.

பழைய செட்டை வாங்க வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். உங்கள் 82 கிலோவோடு மாணவர் செட்டும் உடையும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் சுமார் 96 கிலோ, அதாவது 212 பவுண்ட். இந்த எடையைப் பாராசூட்டின் சதுர அடியால் வகுத்தால் வருவதுதான் அதன் வேகத்தின் அளவு. மாணவருக்கு அது ஒன்றுக்குள் இருக்க வேண்டும், 0.8, 0.9 என்றால் நல்லது. அப்படியானால் உங்களுக்கு வேண்டியது 240 முதல் 260 சதுர அடி. 170-ல் வகுத்துப் பாருங்கள், 1.25 வருகிறது. இலேசான செட் என்று வைத்துக்கொண்டாலும் 1.2-க்குக் குறையாது. ஒரு தவறைக்கூட மன்னிக்காத வேகம் அது. நூற்றுக்கணக்கில் குதித்த பின் யோசிக்க வேண்டிய சைஸ். இரண்டாவது, அந்த ஏஏடி. 2009-ல் செய்த சைப்ரஸ் 2-க்கு ஆயுள் பன்னிரண்டரை ஆண்டு. காலாவதியாகிப் பல வருஷம் ஆகிறது, புதிதாக வாங்கினால் அதற்கே ஒரு லட்சத்துக்கு மேல் போகும். ரிசர்வின் சைஸைப் பற்றி விற்பவர் பேச்சே எடுக்கவில்லை, கவனித்தீர்களா? ஆபத்தில் உங்களைத் தரைக்குக் கொண்டுவரப் போவது அதுதான். மயங்கிய நிலையில் தானே இறங்க நேர்ந்தால் சிறிய ரிசர்வ் காலை உடைத்துவிடும்.

முதல் ஐம்பது குதிப்பு வரை வாடகைச் செட்டே சிறந்தது. பள்ளியில் பெரிய பாராசூட்டிலிருந்து படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள். பிற்பாடு வாங்கும்போதும், ரிக்கர் ஒருவர் முழுக்கப் பிரித்துப் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் பணம் கைமாற வேண்டும். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மடிப்பதைப் பற்றிப் பிறகு வகுப்பில் படிப்பீர்கள். துணியும் தையலும் பழகிய ஊர்க்காரர் என்பதால் இரண்டே விஷயம் சொல்லி வைக்கிறேன். துணி எவ்வளவு அழகாக மடிந்திருக்கிறது என்பது பெரிதில்லை, கயிறுகள் நடுவில் நேராக இருக்கிறதா, ஸ்லைடர் மேலே முட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதே பெரிது. ஸ்லைடர் கீழே நழுவியிருந்தால் பாராசூட் ஒரே அடியாகத் திறந்து கழுத்தைப் பிடிக்கும், சில நேரம் துணியே கிழியும். அடுத்தது, பைலட் சூட்டின் உட்கயிற்றை இழுத்து அதை விரியும் நிலைக்குக் கொண்டுவர மறப்பது. மறந்தால் அது காற்றில் சுருங்கிய துணியாக இழுபடும், பையிலிருந்து மெயின் வெளியே வராது. பைலட் சூட்டையும் மெயின் பையையும் இணைக்கும் பிரைடில் பட்டையில் இதற்கென்றே சின்ன ஜன்னல் வைத்திருப்பார்கள், அதில் நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையை மூட வேண்டும். முதலில் மடிக்க ஒரு மணி நேரம் ஆகும். போகப் போகப் பத்துப் பதினைந்து நிமிஷம்.

மாமாவின் காடு. ஆசை புரிகிறது, ஆனால் முடியாது. மாணவரும் 'ஏ' லைசென்ஸ்காரரும் இறங்கும் இடத்தில் சுற்றிலும் 100 மீட்டருக்கு மரக்கூட்டம், கட்டிடம், மின்கம்பி, திறந்த நீர்நிலை எதுவும் இருக்கக் கூடாது என்பது யுஎஸ்பிஏ விதி. அந்த வட்டமே ஏழே முக்கால் ஏக்கர் வரும். மாமாவின் ஆறு ஏக்கரில் ஒரு கிணறும் வரப்போரம் தென்னையும் மேலே ஈபி லைனும் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கம்பி வேலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது காற்று. "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்று சும்மாவா சொன்னார்கள்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்றுக்காகத்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். மாணவர் குதிக்கக் காற்றின் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தக் காற்றைத் தாண்டி வந்தாலும் காற்றாலைகளின் இறக்கைகளும் உயர் அழுத்தக் கம்பிகளும் காத்திருக்கும். அப்புறம் வான்வெளி. சூலூரில் விமானப்படைத் தளம், கோவையில் சர்வதேச விமான நிலையம், அந்தப் பக்கம் சேலம். விமானம், விமானி, விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ-வின் அனுமதி, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் ஒப்புதல் எதுவும் இல்லாமல் யாராவது "ஒரு ஜம்ப் ஏற்பாடு பண்ணித் தரேன்" என்றால் நம்பாதீர்கள். தை மாதம் பொள்ளாச்சியில் பலூன் திருவிழா நடக்கிறதே என்பீர்கள். பலூன்காரர்கள் அதிகாலைக் காற்று அடங்கிய நேரத்தில் மட்டும் பறப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்போது காசும் காலமும். உங்கள் திட்டத்தில் உண்மையான சிக்கல் இதில்தான் இருக்கிறது. இந்த விளையாட்டில் இடைவெளிதான் எதிரி. பயிற்சிக் காலத்தில் 30 நாள் குதிக்காமல் இருந்தால் மீண்டும் பயிற்றுநரிடம் நினைவூட்டல் பயிற்சி எடுத்துத்தான் தொடர முடியும். 'ஏ' லைசென்ஸ் வந்த பிறகு அந்த இடைவெளி 60 நாள். நம் ஊர்ப் பக்கம் நிரந்தர ஸ்கைடைவிங் தளம் இல்லை. மைசூரில் அவ்வப்போது டேண்டம் நடந்ததுண்டு. ஹரியானாவில் நார்னோல் அருகே பாச்சோட் ஓடுதளத்தில் குதிப்பு நடக்கிறது. ஆனால் தொடர்ச்சியாக 25 குதிப்பு முடிக்க வெளிநாடுதான் நடைமுறை. எனவே நாலு நாள் லீவில் போய் மூன்று படி, அடுத்த வருஷம் மூன்று படி என்று பிரித்தால் காசும் போகும், பயமும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்து உட்காரும். ஒரே பயணம், மூன்று வாரம், 25-ஐயும் முடித்துவிட்டு வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாளில் இரண்டு மூன்று குதிப்பு கிடைக்கும். காற்றுக்கும் மேகத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு நாளைத் தானம் கொடுக்கத் தயாராக இருங்கள்.

கம்பெனி தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மூடும்போது அதோடு லீவைச் சேர்த்தால் கேட்பது எளிது, பருவமும் ஒத்துவரும். நவம்பர் முதல் மார்ச் வரை துபாய்ப் பாலைவனத் தளத்துக்கும், அமெரிக்காவின் அரிசோனாவில் எலாய், கலிபோர்னியாவில் பெர்ரிஸ் போன்ற இடங்களுக்கும் நல்ல காலம். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு என்பது துபாய்க்குச் சாதகம். அமெரிக்காவில் 'ஏ' லைசென்ஸ் வரை ஏறத்தாழ 3,000 முதல் 4,000 டாலர் ஆகும், நம் பணத்தில் சுமார் இரண்டரை முதல் மூன்றரை லட்சம். அங்கே தளத்திலேயே மலிவான தங்குமிடம் கிடைக்கும். ஆனால் விமான டிக்கெட், விசா, சாப்பாடு, காப்பீடு என்று கூட்டினால் உங்கள் நாலரை லட்சம் விளிம்பில் நிற்கிறது. ஒரு படியைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தாலே 200 டாலருக்கு மேல் கூடுதல். ஒன்றிரண்டு படி திரும்ப வருவது சகஜம். கையில் காசு குறைகிறது என்ற நினைப்போடு விமானக் கதவில் நிற்பவர், அன்று வேண்டாம் என்று உட்காரத் தயங்குவார். ஆறு லட்சம் சேரும்வரை பொறுங்கள். தோளைச் சரிசெய்ய எப்படியும் அவ்வளவு காலம் வேண்டும்.

லைசென்ஸுக்குப் பிறகு வருஷம் இரண்டு பயணமாவது போக முடியுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஆண்டுக்கு இன்னொரு ஒன்றரை, இரண்டு லட்சம் வேண்டும். முடியாது என்றால் லைசென்ஸ் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு டேண்டம் போதும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் குதிக்கும் 'ஏ' லைசென்ஸ்காரர்களைப் பார்த்தால் பயிற்றுநர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பாதி மறந்திருப்பார்கள், ஆனால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு: கீழிருந்து வீசும் காற்றில் மிதந்து பழகும் காற்றுச் சுரங்கம். ஹைதராபாத்தில் வந்துவிட்டது. சிங்கப்பூர் செந்தோசாவில் இருக்கிறது, கோவையிலிருந்து நேரடி விமானம். பத்து நிமிஷம் சுரங்கத்தில் பறந்தால் பதின்மூன்று குதிப்பில் கிடைக்கும் விழுநேரம் கிடைத்துவிடும். உடம்பை நிலையாக வைக்க இதைவிட மலிவான பள்ளி இல்லை. ஆனால் உயரத்தைக் கவனிப்பதையோ இறங்குவதையோ அது கற்றுத் தராது. தோள் கழன்ற வரலாறு உள்ளவர்களை அங்கேயும் கேள்வி கேட்பார்கள், மருத்துவரின் ஒப்புதலுக்கு முன் போகாதீர்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பர விலையைப் பார்க்காமல், "25 குதிப்பும் முடிந்து லைசென்ஸ் கையில் வரும்வரை மொத்தம் எவ்வளவு, வாடகை, மடிப்புக் கூலி, கோச் செலவு எல்லாம் சேர்த்தா?" என்று எழுதிக் கேளுங்கள். வானிலையால் முடியாமல் போனால் மீதிப் பணம் திரும்புமா, இறங்கும்போது ரேடியோவில் வழிகாட்டுவார்களா, மாணவர் செட் எல்லாவற்றிலும் ஏஏடி இருக்கிறதா என்பதையும்.

அம்மாவிடம் மறைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு விபத்து என்றால் முதல் போன் அவருக்குத்தான் வரும். ஸ்கைடைவிங் வீராங்கனை ஷீதல் மகாஜன் 2018-ல் தாய்லாந்தின் பட்டாயாவில் ஒன்பது கெஜம் சேலை கட்டிக்கொண்டு குதித்தார், அதற்கு முன் 2008-ல் தன் கல்யாணத்தையே வெப்பக்காற்றுப் பலூனில் நடத்தினார் என்று சொல்லிப் பாருங்கள். சமாதானம் ஆகாவிட்டாலும் பெண் பார்க்கும் பேச்சில் சிரிப்பாவது வரும். பெண் வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிடுவதே மரியாதை.

காப்பீட்டை அம்மாவை நாமினியாக வைத்திருக்கும் ஒவ்வொரு பாலிசியிலும் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டின் பொதுவான விலக்கு, சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுபவர்களின் சிகிச்சைச் செலவைத்தான் ஒதுக்குகிறது. பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அது பொருந்துமா என்பதில்தான் கோரிக்கையின்போது சண்டை வரும். தனிநபர் விபத்துக் காப்பீட்டில் பெரும்பாலும் ஸ்கைடைவிங் என்ற பெயரைச் சொல்லியே விலக்கியிருப்பார்கள். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கான கூடுதல் பிரிவைக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டும், அதிலும் பயிற்சிக் குதிப்பு உள்ளடங்குமா அல்லது டேண்டம் மட்டுமா என்று பாருங்கள். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் வந்துருங்க" என்றால் போதாது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிய பிறகே டிக்கெட் போடுங்கள்.